இருபத்தொன்பதுக்கு மேலே

உப்பளத்தில் என் வேலை டிகிரி பார்ப்பது. பாத்தித் தண்ணீரை உயரமான தகரக் குவளையில் மொண்டு, அதில் கண்ணாடி மீட்டரை மிதக்க விட்டு, தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று படித்துச் சொல்ல வேண்டும். கடலிலிருந்து வரும் தண்ணீர் மூன்று காட்டும். வெயிலில் காயக் காய எண் ஏறும். இருபத்தைந்தில் உப்பு இறங்க ஆரம்பிக்கும். இருபத்தொன்பதைத் தாண்டினால் மடையைத் திறந்து அந்தத் தண்ணீரை வெளியே விட்டுவிட வேண்டும். விடாவிட்டால் உப்பு கசந்துபோகும். பார்வைக்கு இருபத்தைந்தில் இருக்கும் பாத்திக்கும் முப்பதில் இருக்கும் பாத்திக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. சொல்லப்போனால் முப்பதில் இருப்பதுதான் இன்னும் அழகு. காற்றடித்தாலும் அதிகம் அசையாமல் எண்ணெய் மாதிரி கனத்து நிற்கும்.

எங்கள் மரக்காணம் அளத்தில் பாதிப் பேர் கண்ணாலேயே டிகிரி சொல்லிவிடுவோம் என்று மார்தட்டுகிறவர்கள். அவர்களோடு எனக்குத் தினமும் சண்டை. "கண்ணு ஏமாத்தும்ணா, மீட்டர போட்டுப் பாரு" என்பேன். பிளஸ் டூ படித்த திமிர் என்று முதுகுக்குப் பின்னால் பேசுவார்கள். பேசட்டும். பதினான்கு வருடத்தில் ஒரு பாத்தியைக்கூட நான் கண்ணை நம்பி விட்டதில்லை. பெற்ற மகளை மட்டும் கண்ணை நம்பி விட்டேன்.

அவளுக்கு இப்போது பதின்மூன்று வயது. ஆட்டிசம் என்ற சொல்லை அவளுடைய நான்கு வயதில்தான் முதன்முதலாகக் கேட்டோம். அதுவரை தெருவில் அவளுக்கு வேறு பெயர்கள் இருந்தன, அவற்றை எழுத மாட்டேன். சந்தோஷம் வந்தால் இரண்டு கைகளையும் தோளுக்கு மேல் தூக்கி, ஈரத்துணியை உதறுகிற மாதிரி உதறுவாள். பயம் வந்தாலும் அதேதான், கொஞ்சம் வேகமாக. குக்கர் விசில், மோட்டார் சத்தம், கோயில் ஸ்பீக்கர் மூன்றும் அவளுக்கு ஆகாது. காதைப் பொத்திக்கொண்டு அவள் போடும் கத்தல் தெருக்கோடி வரை கேட்கும். வார்த்தைகள் குறைவு. தண்ணி, வேணாம், போலாம் என்று தேவைக்கு மட்டும் வரும். எண்கள்தான் ஏராளம்.

அதற்குக் காரணம் நான். அளத்தில் புது மீட்டர் வாங்கியபோது பழையதை வீட்டுக்கு எடுத்துவந்துவிட்டேன். அடியில் ஈயக் குண்டுகள் போட்ட கண்ணாடிக் குழாய் அது. தண்ணீரில் விட்டால் மேலும் கீழும் ஆடி, ஆடி, ஓரிடத்தில் நிற்கும். அது நிற்கும் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பாள். நின்றதும் எண்ணைச் சொல்லிவிட்டுக் கையை உதறுவாள். ஐந்து வயதுக்குள் கோடுகளைப் படிக்கக் கற்றுக்கொண்டாள். பக்கெட், குடம், ரசச் சட்டி என்று எல்லாவற்றுக்கும் டிகிரி பார்த்தாகிவிட்டது. ரசத்தில் விட்ட அன்று என்னிடம் அடி வாங்கினாள். நான் இன்றுவரை வருத்தப்படும் அடிகளில் அதுவும் ஒன்று.

பிறகு மனிதர்களுக்கும் பார்க்க ஆரம்பித்தாள். அளத்தில் யாரிடமாவது வாக்குவாதம் செய்துவிட்டு நான் உர்ரென்று வந்து உட்கார்ந்தால், மீட்டரைக் கொண்டுவந்து என் முழங்கைக்கு மேலே ஒட்டிப் பிடித்து, உற்றுப் பார்த்து, "இருபத்தாறு" என்பாள். நானும் அவள் அப்பாவும் விழுந்து விழுந்து சிரிப்போம். ஒருமுறை என் நாத்தனார் வந்து இரண்டு நாள் தங்கிவிட்டுப் போன பிறகு எனக்கு வைத்துப் பார்த்து, "இருபத்தொம்பது" என்றாள்.

"ஐயோ, மடைய தொறந்து வுடுங்கடா, இல்லன்னா கசந்துரும்!" என்றார் அவள் அப்பா.

அவருக்கு அளத்தில் மோட்டார் வேலை. உள்ளே தண்ணீர் ஏற்றுவதும் வெளியே விடுவதும் அவர் பொறுப்பு. அவர் கத்திய விதம் அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போய், அன்று முழுக்க "மடைய தொறந்து வுடு, மடைய தொறந்து வுடு" என்று சொல்லிக்கொண்டே வீட்டைச் சுற்றி வந்தாள்.

ஐந்தாம் வகுப்பு வரை தெருமுனைப் பள்ளியில் ஒரு நல்ல டீச்சர் அவளைப் பொறுத்துக்கொண்டார். ஆறாவதுக்கு இடம் கேட்டு முன்கூட்டியே பெரிய பள்ளிக்குப் போனபோதுதான் சிக்கல். "மத்த புள்ளைங்கள தொந்தரவு பண்ணாம உக்காருவான்னா சேத்துக்கலாம்மா" என்றார்கள். அப்படி நிபந்தனை போட அவர்களுக்கு உரிமை இல்லை என்று இப்போது எனக்குத் தெரியும். அன்றைக்கு அளத்தில் எல்லோரிடமும் வாயாடுகிற நான், அந்த அறையில் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

கூனிமேட்டைத் தாண்டி, ஈசிஆர் சாலை ஓரமாக ஒரு பயிற்சி மையம் இருந்தது. ஜனவரியிலிருந்து வாரத்துக்கு மூன்று நாள் பஸ்ஸில் கூட்டிப் போனேன். அங்கிருந்த மிஸ் சின்னப் பெண், முகம் சுளிக்கத் தெரியாதவள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளுக்கு அப்படித்தான் கற்றுக்கொடுத்திருந்தார்கள். கை உதறாமல் மடியில் வைத்திருந்தால் ஒரு ஸ்டார். கத்தாமல் இருந்தால் ஒரு ஸ்டார். சம்பந்தமில்லாமல் எண் சொன்னால் விரலை உதட்டில் வைத்து 'அமைதி' காட்ட வேண்டும், பதில் பேசக்கூடாது.

"அக்கா, வீட்லயும் இதையே ஃபாலோ பண்ணணும். நீங்க சிரிச்சீங்கன்னா அவ இன்னும் ஜாஸ்தி பண்ணுவா. அந்த மீட்டர கண்ணுல படாம வெச்சிடுங்க, சரியா?"

சரி என்றேன். மீட்டரைப் பழைய பாவாடையில் சுற்றிப் பரண்மேல் வைத்தேன். பீரோ கதவில் ஸ்டார் ஒட்டும் அட்டையை மாட்டினேன். இது போதாதென்று அம்மன் கோயிலுக்குப் போய், ஆடிக்குள் என் பொண்ணு அடங்கி உட்கார்ந்தால் கூழ் ஊற்றுகிறேன் தாயே என்று வேண்டிக்கொண்டேன். அடங்கி என்றுதான் வேண்டினேன், நன்றாக நினைவிருக்கிறது. நன்றாக இருக்கட்டும் என்று கேட்கத் தோன்றவில்லை.

அடங்கினாள். ஏப்ரலில் கை மடிக்கு வந்தது. மே மாதம் கத்தல் குறைந்தது. ஜூனில் பெரிய பள்ளிக்குப் போனாள். யூனிஃபார்மும் இரட்டை ஜடையுமாக மூன்றாவது பெஞ்சில் அசையாமல் உட்கார்ந்திருப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, அளத்துக்குப் போகும் வழியெல்லாம் நான் அழுதேன். சந்தோஷ அழுகைதான்.

எண்கள் மட்டும் உடனே போகவில்லை. முதல் வாரம் பள்ளியிலிருந்து வந்ததும், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் நின்று, "இருபத்தேழு" என்றாள். நான் விரலை உதட்டில் வைத்தேன். என் விரலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உள்ளே போனாள். அடுத்த வாரம் "இருபத்தெட்டு". விரலை வைத்தேன். அதற்கடுத்து சில நாள் "இருபத்தொம்பது" என்று இரண்டு முறை, மூன்று முறை சொல்லிப் பார்த்தாள். நான் விரலை எடுக்கவே இல்லை, மிஸ் சொன்னபடி கறாராக இருந்தேன். ஜூலை பிறந்தபோது அதுவும் நின்றுபோனது. அட்டையில் அந்த வரிசை முழுக்க ஸ்டார் நிரம்பியது.

ஆடி மூன்றாம் வெள்ளி கூழ் ஊற்றினோம். கோயில் வாசலில் இரண்டு பெரிய அண்டா, வேப்பிலைத் தோரணம், மரத்தில் கட்டிய ஸ்பீக்கரில் காது கிழிகிற பாட்டு. மற்ற வருடங்களில் ஆடி வெள்ளி என்றாலே அவளை அளத்துப் பக்கம் கூட்டிக்கொண்டு ஓடிவிடுவோம். அந்த வருடம் புதுப் பாவாடை சட்டை போட்டுக் கூட்டி வந்தேன். ஸ்பீக்கர் கட்டிய மரத்துக்கு நேர் கீழே போய் நின்றாள். காதைப் பொத்தவில்லை. கண்ணை மூடவில்லை. கைகள் பாவாடை மடிப்பில். எங்கள் அளத்தில் உப்பு வாருகிற பக்கத்து வீட்டு அக்கா என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"இன்னாடி இது! மைக் செட்டுக்கு கீழயே நிக்கிறா பாரு உன் பொண்ணு! ஆத்தா கண்ண தொறந்துட்டாடி!"

ஊரே பார்த்தது. யாரோ அவள் நெற்றியில் குங்குமம் வைத்தார்கள். தொட்டால் சுருங்குகிற பிள்ளை, அதற்கும் அசையவில்லை. நான் அண்டாவிலிருந்து கூழ் மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டே எல்லோரிடமும் சிரித்துக்கொண்டிருந்தேன். நடுநடுவே அவள் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். கூட்டத்தில் தொலைந்துவிடக் கூடாதே என்பதால் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தக் கலக்கம் பிறகு போகவே இல்லை. வேலையில் இருக்கும்போது திடீரென்று வரும். என்னவென்று பிடிபடாது. அவளைப் பற்றிப் புகார் வராத பள்ளிக்கூட நாட்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. பள்ளி விட்டு வந்ததும் பையைப் போட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பாள். விளக்கு வைக்கும் நேரத்துக்கு எழுப்பினால் எழுந்து உட்காருவாள், தட்டைப் பார்ப்பாள், இரண்டு வாய் சாப்பிடுவாள், மறுபடி படுப்பாள். தூங்குகிறாளா என்று பார்த்தால் கண் திறந்திருக்கும். கருவாட்டுக் குழம்பு என்றால் தட்டை நக்குகிறவள், அதையும் தள்ளி வைத்தாள். வயிறு வலி என்று கையைக் காட்டினாள். பூச்சி மருந்து வாங்கிக் கொடுத்தேன். தலை வாரும்போது சீப்பு நிறைய முடி வந்தது. பாவாடை கொக்கியை இரண்டு முறை உள்ளே தள்ளித் தைத்தேன். ஞாயிற்றுக்கிழமையும் எழுந்ததும் யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு, கையை மடியில் வைத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கழற்றச் சொன்னால் கழற்றினாள். எதைச் சொன்னாலும் செய்தாள்.

"நல்லாத்தானே இருக்கா? இத்தினி நாளா அடங்கலன்னு அழுத. இப்ப அடங்கிட்டான்னு அழுவுறியே!" என்றார் அவர்.

"எனக்கு பயமா இருக்குதுங்க."

"இன்னா பயம்?"

என்ன பயம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. காய்ச்சலா, தொட்டுப் பார்த்தால் இல்லை. பள்ளியில் யாராவது அடித்தார்களா, உடம்பில் காயம் இல்லை. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், அந்த ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் வரை. உள்ளங்கையில் எண்ணெய் வைக்க அவள் விரல்களை விரித்தேன். விரியவில்லை. ஒவ்வொரு விரலாக நிமிர்த்த வேண்டியிருந்தது. இரண்டு உள்ளங்கையிலும் நான்கு நான்காக நகத் தடங்கள். சிலது ஆறிக் கறுத்திருந்தன, சிலது புதுசு. எண்ணெய் பட்டு எரிந்திருக்க வேண்டும். அவள் "ஸ்" என்றுகூடச் சொல்லவில்லை. நாங்கள் எல்லோரும் மெச்சிய அந்த மடியில் வைத்த கை, உள்ளுக்குள் இப்படித்தான் இருந்திருக்கிறது. எண்ணெய்க் கிண்ணம் உருண்டு போனதைக்கூடக் கவனிக்காமல் அவள் கைகளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். மறுநாள் அவர் மோட்டாருக்கு வேறு ஆளைப் பார்த்து வைத்துவிட்டு எங்களோடு புதுச்சேரி பஸ் ஏறினார்.

அங்கே ஆஸ்பத்திரியில், குழந்தைகள் மனநலப் பிரிவில் பார்த்த டாக்டர் ஐம்பது வயதுப் பெண்மணி. மேசைக்கு அந்தப் பக்கம் உட்காராமல் ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு அட்டையில் ஐந்து முகங்கள், சிரிக்கிறதிலிருந்து அழுகிறது வரை வரிசையாக. "இதுல நீ எது பாப்பா?" என்று கேட்டார். அவள் அட்டையைப் பார்த்தாள், பிறகு தன் கையைப் பார்த்தாள். டாக்டர் வற்புறுத்தவில்லை. எங்களிடம் ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார். தூக்கம், சாப்பாடு, வயிற்று வலி, எப்போதிலிருந்து, முன்னால் எப்படி இருந்தாள், பிடித்தது எது, அது இப்போதும் பிடிக்கிறதா. நான் ஸ்டார் அட்டையைப் பற்றிச் சொல்லும்போது எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது.

"அம்மா, நான் சொல்றத நிதானமா கேளுங்க. உங்க பொண்ணுக்கு டிப்ரஷன் இருக்கு."

பதினோரு வயசுக்கா என்று அவள் அப்பா கேட்டார். இந்தப் பிள்ளைகளுக்கு மற்ற பிள்ளைகளைவிட வர வாய்ப்பு அதிகம், ஆனால் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம் என்றார் டாக்டர். முகத்தில் காட்டாதுகள், வாயால் சொல்லாதுகள். அமைதியானால் வீட்டில் சந்தோஷப்பட்டுவிடுவார்கள்.

பிறகு உடம்புக்குள் நடப்பதை விளக்கினார். பயம் வந்தால் மூளையிலிருந்து ஒரு தகவல் இறங்கி, சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி மாதிரி இருக்கும் சுரப்பிக்குப் போகிறது. அது ஒரு நீரைச் சுரக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, வயிறு இறுகுகிறது. பயம் போனதும் சுரப்பது குறைய வேண்டும். சாதாரண நாளிலும் அது காலையில் ஏறி, நம்மை எழுப்பி விட்டு, சாயங்காலத்துக்குள் இறங்கிவிட வேண்டும். "இவளுக்கு ஒவ்வொரு பீரியடும், ஒவ்வொரு பெல்லும் பயம்தான்னு வெச்சுக்குங்க. முன்னாடி கைய உதறி, கத்தி, அத கொஞ்சம் வெளிய விட்டுக்கிட்டிருந்தா. இப்ப அதையும் நாம மூடிட்டோம். உள்ள சுரந்துக்கிட்டே இருந்தா உடம்பு எத்தன நாள் தாங்கும்? ஓஞ்சு போய்டும். அந்த ஓய்ச்சல்தான் உங்களுக்கு அமைதியா தெரிஞ்சிருக்கு."

'நாம மூடிட்டோம்' என்று தன்னையும் சேர்த்துக்கொண்டு சொன்னார். அது அவருடைய பெருந்தன்மை. மூடியது யார் என்று எனக்குத் தெரியும்.

அவர்கள் துறையில் இந்தச் சுரப்பை எச்சிலில் அளந்து ஒரு ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. விருப்பமிருந்தால் கொடுக்கலாம், கட்டாயமில்லை என்றார். அளக்கிறார்கள் என்று கேட்டதும் நான் பாய்ந்துவிட்டேன். எனக்கு ஒரு எண் வேண்டும். எவ்வளவு தூரம் போய்விட்டாள் என்று எண்ணாகத் தெரிந்தால் போதும், மிச்சத்தைப் பார்த்துக்கொள்வேன் என்று நினைத்தேன்.

எழுந்த உடனே ஒன்று, அரை மணி கழித்து ஒன்று, மத்தியானம் ஒன்று, படுக்கும் முன் ஒன்று, இரண்டு நாளைக்கு. பல் விளக்கக் கூடாது, ஒன்றும் சாப்பிடக் கூடாது, பஞ்சுச் சுருளை மென்று குழாயில் துப்ப வேண்டும். ஒரு காலத்தில் இவளுக்குப் பல் விளக்கி விட வீட்டில் இரண்டு பேர் பிடித்துக்கொள்ள வேண்டும். இப்போது பஞ்சை நீட்டினால் வாயைத் திறந்தாள். மெல்லு என்றால் மென்றாள். துப்பு என்றால் துப்பினாள். கத்துடி, என்னைக் கடித்து வையடி என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டே குழாய்களை மூடினேன்.

வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை. எக்கியார்குப்பத்திலிருந்து மீன் கொண்டுவரும் அம்மாவிடம் ஒரு தெர்மாகோல் பெட்டியும் ஐஸும் வாங்கினேன். எட்டுக் குழாயையும் பாலிதீன் பையில் கட்டி ஐஸுக்குள் புதைத்து மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். பெட்டியிலிருந்து மீன் வாடை.

"ஏம்மா, மீன் கூடைய பின்னாடி வையி" என்றார் கண்டக்டர்.

"மீன் இல்லங்க. என் பொண்ணு எச்சில்."

அவர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். அதற்குப் பிறகு புதுச்சேரி வரை என் பக்கமே வரவில்லை. வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். அன்று ஐஸ் உருகுகிறதா என்று பெட்டியைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டே போனேன். திறந்தால்தான் உருகும் என்பதுகூட மண்டையில் ஏறவில்லை.

மூன்று வாரம் கழித்து டாக்டர் ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினார். காலையில் உயர்ந்து சாயங்காலம் சரிய வேண்டிய கோடு, இவளுக்குச் சரியவே இல்லை. படுக்கப் போகும் நேரத்திலும் பள்ளி பெல் அடிக்கிற நேரம் மாதிரியே உயரத்தில் நின்றது. "ஆனா ஒரு பொண்ணோட ரெண்டு நாள் எச்சில வெச்சு நான் எதையும் முடிவு பண்ண மாட்டேன். இது வியாதிய சொல்ற டெஸ்ட் இல்லம்மா" என்றார்.

"அப்ப ஏறுதா எறங்குதான்னு நான் எப்படி மேடம் தெரிஞ்சிக்கிறது? எதாவது மீட்டர் இல்லயா?"

அழுகையும் கோபமுமாகத்தான் கேட்டேன். பாத்தித் தண்ணீருக்கு இருக்கிறது, பாலுக்கு இருக்கிறது, காய்ச்சலுக்கு இருக்கிறது, என் பிள்ளைக்கு மட்டும் இல்லையா. டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. மாத்திரை இப்போது வேண்டாம், முதலில் ஸ்டார் அட்டையைக் கிழியுங்கள், கையை அவள் இஷ்டத்துக்கு விடுங்கள், பள்ளியை அரை நாளாக்க நான் கடிதம் தருகிறேன், அவளுக்கு முன்னால் பிடித்ததைக் கண் முன்னால் வையுங்கள், வாரம் ஒருமுறை கூட்டி வாருங்கள் என்றார். சாப்பாடு இன்னும் குறைந்தால் படுக்கையில் சேர்க்க வேண்டியிருக்கும் என்பதையும் சொன்னார். அந்தக் கடைசி வாக்கியம் பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தே வந்தது.

அட்டையைக் கிழித்தேன். பரணில் இருந்து மீட்டரை இறக்கித் துடைத்து, அவள் படுக்கிற இடத்துக்குப் பக்கத்தில் பக்கெட் தண்ணீரில் மிதக்க விட்டேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மறுநாளும் வைத்தேன். நான்காம் நாள் மீட்டரில் தூசு படிந்திருந்தது. தட்டில் சோறு அப்படியே இருந்தது. காலையில் எழுந்ததும் நான் முதலில் செய்வது அவள் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பது.

அக்டோபர் முதல் ஞாயிறு. மழை எந்த நாளும் வரலாம் என்று அளத்தில் மிச்ச உப்பை அவசரமாக வாரிக்கொண்டிருந்தார்கள். வீட்டில் தனியாக விடப் பயந்து அவளையும் கூட்டிப் போனேன். ஆஸ்பத்திரி அலைச்சலில் நான் பத்து நாளாகத் தொடாத கடைசிப் பாத்தி ஒன்று இருந்தது. வரப்பில் நின்று பார்த்தால் வானம் முழுக்க அதில் கிடந்தது. அவ்வளவு அமைதி.

"நல்லா நிக்குது, கை வைக்காத" என்றார் ஒரு அண்ணன், கண்ணாலேயே டிகிரி சொல்கிறவர்களில் ஒருவர்.

நான் குவளையில் மொண்டேன், மீட்டரை விட்டேன். மேலும் கீழும் ஆடி நின்றது. நான் குனிவதற்குள் என் தோளுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"முப்பது."

மூன்று மாதத்துக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த எண். மூச்சு விட்டால் கலைந்துவிடுமோ என்று நான் அசையவில்லை. குனிந்து பார்த்தேன். முப்பதுதான். "மடைய தொறந்து வுடுங்க!" என்று அவள் அப்பாவைப் பார்த்துக் கத்தினேன். அவர் மண்வெட்டியால் வரப்பை வெட்டினார். அந்தக் கனத்த தண்ணீர் முதலில் தயங்கி, பிறகு சளசளவென்று வாய்க்காலில் இறங்கியது. அவள் அது ஓடுவதையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெகுநேரம் நின்றாள்.

பிறகு குவளையிலிருந்து மீட்டரை எடுத்தாள். எனக்கு வைக்கப்போகிறாள் என்று கையை நீட்டினேன். அவள் அதைத் தன் நெஞ்சில், யூனிஃபார்ம் பித்தானுக்கு மேலே ஒட்டி வைத்தாள். குனிந்து படித்தாள்.

"முப்பது" என்றாள். "மடைய தொறந்து வுடு."

வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். இருபத்தேழு. இருபத்தெட்டு. இருபத்தொன்பது, மூன்று முறை. செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் நின்று தினமும் சொன்னாளே. எந்த டாக்டரிடமும் இல்லாத மீட்டர் என் வீட்டு வாசலுக்கே வந்து ஏறுது, ஏறுதும்மா என்று சொல்லிக்கொண்டிருந்தது. டிகிரி பார்ப்பதைத் தொழிலாக வைத்திருக்கிறவள் விரலை உதட்டில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். இருபத்தொன்பதுக்கு மேலே என்ன செய்ய வேண்டும் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருந்தது. எனக்கும்தான் தெரியும்.

அவர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்து அவள் முன்னால் மண்டியிட்டார். தொடப் பயந்து கையைக் கட்டிக்கொண்டு, "கத்துமா. நீ கத்துமா. ஒண்ணும் சொல்ல மாட்டோம்" என்றார். அவள் கத்தவில்லை. மீட்டரை என்னிடம் கொடுத்துவிட்டு, இரண்டு கைகளையும் இடுப்பு உயரத்துக்குத் தூக்கி, ஒரே ஒரு முறை உதறினாள்.

ஒரே நாளில் எதுவும் சரியாகிவிடவில்லை. அந்த மழைக்காலம் முழுக்க ஆஸ்பத்திரிக்கு நடந்தோம். நடுவில் மாத்திரையும் தேவைப்பட்டது. பள்ளி இன்றுவரை அரை நாள்தான். முக அட்டையை ஓரமாக வைத்துவிட்டு டாக்டர் அவளிடம் டிகிரி கேட்கப் பழகிக்கொண்டார். மோட்டார் சத்தத்துக்கு மறுபடி கத்துகிறாள். பக்கத்து வீட்டு அக்கா, "பாவம்டி, மறுபடியும் ஆரம்பிச்சிட்டாளே" என்று வருத்தப்படுகிறாள். கூழ் ஊற்றியது வீண் என்று அவளுக்கு ஆதங்கம். நான் சமாதானம் சொல்லப் போவதில்லை. எண் இருபத்தைந்துக்குக் கீழே இறங்கும் நாட்கள் இருக்கின்றன. இருபத்தெட்டு வரும் நாட்களும் இருக்கின்றன, அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. அவள் சும்மா உட்கார்ந்திருந்தால் என்னால் சும்மா உட்கார முடிவதில்லை.

மத்தியானம் பள்ளி வேன் வரும் சத்தம் கேட்டதும் வாசலுக்குப் போய்விடுவேன். அவள் படியில் நிற்பாள். எண்ணைச் சொல்வதற்கு முன்னால், இரண்டு வருடம் ஆகியும், முதலில் என் வலது கையைத்தான் பார்க்கிறாள், விரல் உதட்டுக்குப் போகிறதா என்று. அதனால் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் அவள் முன்னால் போய் நிற்கிறேன்.

"எவ்ளோம்மா?" என்று கேட்கிறேன்.